சுவரை இடிக்கும் முன் கதவைப் பாருங்கள்: மும்பையின் சின்ன ஃப்ளாட்டில் இடம் எடுப்பது எப்படி

மும்பையில் வீட்டில் இடம் போதவில்லை என்ற பேச்சு வந்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிடலாம் என்பதுதான். நான் 20 வருடமாகக் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். மாட்டுங்கா, சயான், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நம் ஆட்கள் அதிகம் இருக்கும் பக்கமெல்லாம் டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் அளந்திருக்கிறேன். எங்கே போனாலும் முதலில் சொல்லும் கணக்கு இதுதான். 10 அடி நீளச் சுவர், இரண்டு பக்கப் பூச்சோடு சேர்த்து 6 அங்குலக் கனம், அதை முழுசாக இடித்தாலும் தரையில் கிடைப்பது 5 சதுர அடி. ஆனால் 3 அடி அகலக் கதவு ஒன்று திறந்து மூட எடுத்துக்கொள்ளும் கால்வட்டம் 7 சதுர அடி. அந்த 7 சதுர அடியில் ஒரு முக்காலி கூடப் போட முடியாது.

சின்ன வீட்டில் இடத்தைத் தின்பது கதவுகளும், ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நாம் நடக்கும் வழியும்தான். பொருள் வைக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது, ஆனால் விலை கொடுத்து வாங்கிய இடம். அந்த வழியைச் சுருக்கினால் வீடு பெரிதாகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் வேலை அளப்பது. பத்திரத்தில் இருக்கும் சதுர அடியை நம்பி எதையும் வரையாதீர்கள். பழைய பத்திரங்களில் அது சுவர்க் கனத்தையும் சேர்த்த பில்ட்-அப் ஆக இருக்கும், சில இடங்களில் மாடிப்படி, லிஃப்ட் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் ஆக இருக்கும். 2016ல் வந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று தெளிவாகச் சொல்லிவிட்டது: உள் தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச் சுவர்களும் குழாய் போகும் ஷாஃப்டும் பால்கனியும் சேராது. நமக்கு வேண்டியது அதைவிடவும் சின்ன எண், அதாவது கால் வைக்க முடிகிற தரை. 5 மீட்டர் டேப் ஒன்று, கட்டம் போட்ட கிராஃப் தாள் ஒன்று, ஒரு பெரிய கட்டத்துக்கு ஓர் அடி. ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரோடு நிறுத்தாமல் மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்துகொள்ளுங்கள், இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லையென்றால் அறை கோணல் என்று அர்த்தம், அங்கே சுவரோடு சுவராக அலமாரி செய்யும்போது தச்சர் திணறுவார். ஜன்னல் அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை அங்குலம், உத்தரம் எவ்வளவு கீழே இறங்குகிறது, தூண் எங்கே எத்தனை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பாத்ரூமில் தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப் எந்த மூலையில், மெயின் ஸ்விட்ச் போர்டு எங்கே, எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

அப்புறம் அதே தாளில் ஒவ்வொரு கதவுக்கும் கால்வட்டம் போடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கொரு கலர் பென்சில் எடுத்துக்கொண்டு காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை தாங்கள் நடக்கும் வழியைக் கோடாக இழுக்கட்டும். குழந்தைகள் இதை ரொம்ப ஆசையாகச் செய்வார்கள். முடிந்ததும் தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள். கோடுகள் குவிந்து கறுத்துப்போன இடம்தான் உங்கள் வீட்டின் ரோடு. கோடே படாத மூலை ஒன்று இரண்டு கட்டாயம் இருக்கும், அநேகமாக அங்கே ஒரு பழைய சைக்கிளோ அரிசி டப்பாவோ நின்றுகொண்டிருக்கும்.

என் அக்கா வீட்டை வைத்துச் சொல்கிறேன். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் இருந்து நடந்து போகும் தூரம், ஒரு பி.எச்.கே, கார்பெட் 420 சதுர அடிக்குள். அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், அத்தானின் அம்மா என்று ஐந்து பேர். ஹால் 10க்கு 15, சமையலறை 7க்கு 9, படுக்கையறை 10க்கு 12, நடுவில் 3 அடி அகலம் 9 அடி நீளத்துக்கு ஒரு பேசேஜ். மும்பையில் இந்த அமைப்பை ஆயிரம் கட்டடத்தில் பார்க்கலாம்: பேசேஜின் ஒரு பக்கம் கழிவறையும் அடுத்து குளியலறையும், இன்னொரு பக்கம் படுக்கையறைச் சுவர், படுக்கையறைக் கதவு பேசேஜின் கடைசியில். அக்கா என்னைக் கூப்பிட்டதே, "தம்பி, பெட்ரூம் சுவரை ஓர் அடி ஹால் பக்கம் தள்ளிடலாமா?" என்று கேட்கத்தான்.

தள்ளவில்லை. அந்த 9 அடி பேசேஜில் கடைசி 3 அடி வரை ஒருவர் நடந்துபோவதற்கு ஒரே காரணம் படுக்கையறைக் கதவு அங்கே இருப்பதுதான், ஏனென்றால் குளியலறைக் கதவு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதனால் படுக்கையறைக் கதவைப் பேசேஜின் ஆரம்பத்துக்குக் கொண்டுவந்தோம். தடுப்புச் சுவர் நாலரை அங்குலச் செங்கல்தான், மேலே உத்தரம் தனியாக இருந்தது. புதிய வாசலுக்கு மேலே இரண்டு பக்கமும் 6 அங்குலம் சுவரில் உட்காரும்படி லிண்டல், அதாவது மேல் சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை, கொடுத்து, பழைய வாசலை எடை குறைவான ஏ.ஏ.சி கான்கிரீட் பிளாக் வைத்து அடைத்தோம். இப்போது பேசேஜின் கடைசி 3க்கு 3 அடி யாரும் நடக்காத இடமாகிவிட்டது. குளியலறைச் சுவர் ஒட்டியே இருப்பதால் அங்கிருந்தே தண்ணீர் வரத்தும் போக்கும் எடுத்து, சமையலறையில் நின்றுகொண்டிருந்த வாஷிங் மெஷினை அங்கே கொண்டுபோய் வைத்தோம், அதற்கு மேலே கூரை வரை தட்டு. முன்பு 12 அடிச் சுவரின் நடுவாக்கில் கதவு இருந்ததால் படுக்கையறை இரண்டாகப் பிளந்து கிடந்தது. கதவு மூலைக்குப் போனதும் 9 அடிச் சுவர் தொடர்ச்சியாகக் கிடைத்தது. அத்தையம்மா ராத்திரி எழுந்தால் கழிவறை எதிரிலேயே, முன்பு போல இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த வீட்டு வேலையில் அதுதான் பெரிய சந்தோஷம்.

உங்கள் வீட்டிலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கதவு ஏன் இங்கே இருக்கிறது, மூலைக்குப் போனால் என்ன ஆகும்? அறையின் நடுவில் திறக்கும் கதவு அறையை வெட்டும், மூலையில் திறக்கும் கதவு அறையை விட்டுவிடும். நகர்த்த முடியாத கதவென்றால் திறக்கும் பக்கத்தையாவது மாற்றிப் பாருங்கள், கீல் வலமிருந்து இடம் போனாலே சில சமயம் ஓர் அலமாரிக்கு இடம் வந்துவிடும். ஸ்லைடிங் கதவு நல்லதுதான், ஆனால் சுவரின் மேல் ஓடும் கதவுக்குப் பக்கத்தில் அதே அகலத்துக்குக் காலிச் சுவர் வேண்டும், அந்தச் சுவரில் ஸ்விட்ச் போர்டும் இருக்கக் கூடாது. கழிவறைக்கு மட்டும் ஸ்லைடிங் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன், சத்தமும் வாடையும் நிற்காது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கழிவறைக் கதவு வெளிப்பக்கம் திறந்தால் நல்லது; உள்ளே யாராவது விழுந்தால் கதவை மறித்துக்கொண்டு கிடப்பார்கள், வெளியே இழுக்கிற கதவைத்தான் அப்போது திறக்க முடியும்.

தொடக் கூடாதவை

தூண், உத்தரம், தளம். இந்த மூன்றிலும் ஓர் அங்குலம் கூடக் கொத்தக் கூடாது, ஏ.சி குழாய்க்காக உத்தரத்தில் ஓட்டை போடுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தடுப்புச் சுவர் எது, பாரம் தாங்கும் சுவர் எது என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் மிஸ்திரியை நம்ப வேண்டாம். நாலரை அங்குலம் என்றால் பெரும்பாலும் தடுப்பு, 9 அங்குலமும் அதற்கு மேலும் என்றால் சந்தேகம், ஆனால் முடிவாகச் சொல்ல வேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான். 1896 பிளேக் நோய்க்குப் பிறகு நகரைச் சீரமைக்க 1898ல் அமைத்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டம் போட்ட தாதர், மாட்டுங்கா பகுதிகளில் இன்னும் நிறையப் பழைய கட்டடங்கள் இருக்கின்றன; அங்கே உள்சுவரே பாரம் தாங்குவதாக இருக்கலாம். 30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவின்படி கட்டமைப்பு ஆய்வு கட்டாயம், உங்கள் கட்டடத்து வீட்டுக்காரர்களின் சொசைட்டியில் அந்த அறிக்கை இருக்கும், கேட்டு வாங்கிப் படியுங்கள். சுத்தியல் எடுக்கும் முன்பு சொசைட்டிக்குக் கடிதம், மாற்றத்தின் வரைபடம், இன்ஜினியரின் கடிதம் மூன்றையும் கொடுத்து, ஆட்சேபம் இல்லை என்ற என்.ஓ.சி எழுத்தில் வாங்குங்கள். வேலை நேரம் என்ன, லிஃப்டில் மணல் ஏற்றலாமா, இடித்த குப்பையைக் கோணியில் கட்டி எங்கே வைப்பது என்பதை எல்லாம் அப்போதே கேட்டுவிட்டால் பிறகு செக்ரட்டரியோடு சண்டை வராது.

குளியலறையும் கழிவறையும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கழிவறைக் குழாய் 4 அங்குலம், அது ஷாஃப்டை நோக்கிச் சரிவாகப் போக வேண்டும், தூரம் கூடக் கூட தரையை உயர்த்த வேண்டிவரும். அதைவிட முக்கியமாக, உங்கள் புதிய கழிவறை கீழ் வீட்டுக்காரரின் சமையலறைக்கு மேலே வந்து நிற்கும். உள்ளே பொருள்களை இடம் மாற்றலாம், டைல்ஸ் மாற்றலாம். மாற்றினால் நீர்ப்புகாப் பூச்சுக்குப் பிறகு, டைல்ஸ் போடுவதற்கு முன், நஹானி டிராப்பை அடைத்துத் தண்ணீர் நிறுத்திக் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். என் சொந்த வீட்டில் ஒப்பந்தக்காரர் இதைச் செய்துவிட்டதாகச் சொன்னதை நம்பி நான் நேரில் நிற்கவில்லை. ஆறு மாதத்தில் கீழே ஒழுகியது, போட்ட டைல்ஸ் அத்தனையும் பெயர்க்க வேண்டி வந்தது, கீழ் வீட்டுப் பெரியவரிடம் நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து எந்த வீட்டிலும் தண்ணீர் நிறுத்தும் அன்று நான் அங்கே இருப்பேன்.

சமையலறை

நம் சமையலறைக்கு அதிகம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் இங்கே விற்கும் மாடுலர் கிச்சன் படங்களில் கிரைண்டருக்கு இடமே இருக்காது. 7 அடி அகல அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 24 அங்குல ஓட்டா, அதாவது சமையல் மேடை, நடுவில் நடக்க 36 அங்குலம், எதிர்ப்பக்கம் 24 அங்குலம், கூட்டினால் 84 அங்குலம், கச்சிதமாக 7 அடி. ஆனால் இரண்டு பக்கமும் டைல்ஸும் பூச்சும் ஏறியதும் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும், அதனால் எதிர்ப்பக்கத்தை 20 அங்குலமாக வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் 36ஐக் குறைக்காதீர்கள். கீழ்த் தட்டை இழுத்துத் திறந்துவிட்டு அதன் முன் குனிய வேண்டும், பின்னால் இன்னொருவர் கொதிக்கிற சாம்பாரோடு போக வேண்டும்.

மேடை உயரத்தைச் சமைப்பவரின் உடம்பை வைத்து முடிவு செய்யுங்கள். நேராக நின்று முழங்கையை மடக்கி, முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே, அதுதான் உயரம். 5 அடி உயரமுள்ள அம்மாவுக்கு 32 அங்குலம் வந்தால் மிஸ்திரி தன் வழக்கப்படி 34 கட்டிவிட்டுப் போனபின் தினமும் தோள் வலிக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் பெரும்பாலும் 85 சென்டிமீட்டர், முப்பத்து மூன்றரை அங்குலம். 32 அங்குல மேடைக்கடியில் அது போகாது. அக்கா வீட்டில் மெஷின் வெளியே போனதற்கு அதுவும் ஒரு காரணம். மெஷினுக்காக மேடையை உயர்த்துவதை மட்டும் செய்யாதீர்கள்.

கிரைண்டருக்கு வருவோம். மேடையில் வைத்தால் இரண்டடி போய்விடும், கீழே வைத்தால் தினமும் தூக்க முடியாது, அதனால் உபயோகிப்பதே நின்று கடை மாவு வாங்க ஆரம்பித்துவிடுவோம். எதிர்ப்பக்கத்து வரிசையில் தரையிலிருந்து சுமார் 20 அங்குல உயரத்தில் ஒரு கல் தட்டு, அதன் மேல் திறப்பாக விட்டு, பக்கத்திலேயே அதற்கென்று ஒரு பிளக். டில்டிங் கிரைண்டர் என்றால் சாய்வதற்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று கிரைண்டரை வைத்தே பாருங்கள். மாவு வழிந்தால் துடைக்க வேண்டும், அதனால் அந்தத் தட்டு மரமாக இருக்கக் கூடாது. இட்லிப் பானை, பெரிய குக்கர், பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் அண்டா எல்லாம் மேலே லாஃப்டுக்கு, அதாவது பரணுக்கு. தினமும் தொடும் சாமான் கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவில்.

சமையலறைச் சுவரை முழுக்க எடுத்து ஓப்பன் கிச்சன் ஆக்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தினமும் இரண்டு வேளை கடுகு தாளிக்கும் வீட்டில், வற்றல் மிளகாய் கருகும் வீட்டில், அந்தப் புகையும் எண்ணெய்ப் பசையும் சோபாவில் போய்ப் படியும், மிக்ஸி ஓடும்போது ஹாலில் படிக்கும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். அதற்குப் பதில் அது தடுப்புச் சுவர்தான் என்று உறுதியானால் மேடை மட்டத்துக்கு மேலே 4 அடி அகலத்துக்கு மட்டும் திறந்து, கண்ணாடி ஸ்லைடிங் போட்டு, ஹால் பக்கம் 15 அங்குலத்துக்கு ஒரு பலகை நீட்டுங்கள். சமையலறைக்கு வெளிச்சம் வரும், இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், தனி டைனிங் டேபிளும் அதைச் சுற்றி நாற்காலி இழுக்கத் தேவைப்படும் இரண்டரை அடியும் மிச்சம். மேடையை இடம் மாற்றினால் குழாய் எரிவாயு இணைப்பை மகாநகர் கேஸ் ஆட்களைக் கூப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும், பிளம்பர் கையில் விடாதீர்கள்.

மற்ற இடங்கள்

மும்பை ஹால் ராத்திரியில் படுக்கையறை. இதை மறந்துவிட்டு எல்-வடிவ சோபா வாங்குகிறவர்கள்தான் அதிகம். தாளில் சோபாவை வரையும்போதே ராத்திரி விரிக்கும் மெத்தையையும், 6 அடி 3 அங்குலத்துக்கு 3 அடி, வரைந்து பாருங்கள். மெத்தை விரித்த பிறகும் கழிவறைக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். திவான் போட்டு அடியில் இழுப்பறை வைப்பது சோபாவைவிட எப்போதும் நல்ல முடிவு. கொலு வைக்கும் வீடாக இருந்தால் ஒரு சுவரில் ஆணியடித்து நிறுத்திய டிவி யூனிட் செய்யாமல் நகர்த்தக்கூடிய சாமான் மட்டும் வையுங்கள்; 5 படிக்கு, படிக்கு 9 அங்குலம் என்றாலே 3 அடி 9 அங்குலம் ஆழம் வேண்டும், அதற்கு முன்னால் வருகிறவர்கள் உட்கார வேண்டும். பொம்மைப் பெட்டிக்கு லாஃப்டில் ஒரு பகுதியை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி இரண்டு பக்கமும் வழி விட வேண்டும் என்பது கட்டாயமில்லை. 5 அடிக் கட்டிலை ஒரு சுவரோடு ஒட்டினால் 2 அடி வழி மிச்சமாகும், அந்த 2 அடிதான் ஓர் அலமாரியின் ஆழம். ஸ்லைடிங் கதவு அலமாரிக்கு 26 அங்குலம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஹேங்கரில் தொங்கும் சட்டை கதவில் உரசும். மேற்குப் பக்கமும் தென்மேற்குப் பக்கமும் உள்ள வெளிச் சுவர்தான் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அடி வாங்கும். அந்தச் சுவரோடு ஒட்டி அலமாரி செய்தால் பின்பலகை பூத்துப் பட்டுப்புடவை வரை வாடை ஏறிவிடும். வேறு இடமே இல்லையென்றால் ஓர் அங்குலம் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். ப்ளைவுட்டில் ஐ.எஸ் 710 முத்திரை சமையலறைக்கும் தண்ணீர் படும் இடத்துக்கும், ஐ.எஸ் 303 மற்ற இடத்துக்கு. பலகை வீட்டுக்கு வந்திறங்கும்போது முத்திரையை நீங்களே பாருங்கள். லாஃப்டின் அடிப்பக்கம் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வராமல் இருக்கட்டும், கட்டிலில் தலை வைக்கும் இடத்துக்கு மேலே வேண்டவே வேண்டாம்.

பால்கனியை அறையோடு சேர்க்க எல்லோருக்கும் ஆசை. அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். 2012 ஜனவரி விதித் திருத்தத்துக்கு முன் கட்டிய பல கட்டடங்களில் ஜன்னலுக்கு வெளியே ஃப்ளவர் பெட் என்று ஒரு மேடை இருக்கும், மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற எஃப்.எஸ்.ஐ கணக்கில் சேராமல் கிடைத்த இடம் அது, திருத்தத்துக்குப் பிறகுதான் கணக்கில் வந்தது. சுவரை எடுத்து அதையும் அறைக்குள் சேர்த்தவர்கள் நிறையப் பேர். அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் தளம், செடித் தொட்டிக்காகப் போட்டது. அதன் மேல் அலமாரியும் புத்தகமும் ஏற்றுவது ஆபத்து. பால்கனியை அப்படியே விட்டு, துணி காயவும் துளசிக்கும் காற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து. வெளியே பெட்டி போல நீட்டிய இரும்புக் கிரில் போட்டிருந்தால் அதில் உள்ளிருந்து திறக்கும் ஒரு கதவு கட்டாயம் இருக்க வேண்டும், தீ பிடித்தால் வெளியேற வேறு வழி இருக்காது.

வரைபடம் முடிவானதும் உடனே ஆளைக் கூப்பிடாமல் ஒரு வாரம் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு வாழ்ந்து பாருங்கள். புதிய அலமாரி வரும் இடத்தில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்குங்கள், புதிய மேடை வரும் இடத்தில் ஒரு மேசை. மூன்றாம் நாளே எது இடிக்கிறது என்று தெரிந்துவிடும், அழித்து மாற்ற ஒரு துணி போதும்.

வேலையை அக்டோபருக்குப் பிறகு ஆரம்பித்து மே மாதத்துக்குள் முடியுங்கள். மழையில் பூச்சு காயாது, மரம் ஊறும். இடிப்பு முதலில், பிறகு மின்சாரக் குழாயும் தண்ணீர்க் குழாயும், பிறகு நீர்ப்புகாப் பூச்சும் தண்ணீர் நிறுத்தும் சோதனையும், டைல்ஸ், அப்புறம் தச்சு வேலை, கடைசியில் பெயிண்ட். பூச்சு போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், குழாயும் வயரும் சுவரில் திறந்து கிடக்கும்போது, ஒவ்வொரு சுவரின் மேலும் டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஃபோனில் படம் எடுங்கள், எண்கள் தெரியும்படி. ஒரு பிரதியை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், ஒரு பிரதியை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த முறை அந்தச் சுவரில் டிரில் வைக்கப் போகிறவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.